ஸ்கூல் போர்டு தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடுவது?

வந்த கேள்வி இது: "கலிஃபோர்னியா பே ஏரியாவில் இருக்கிறோம். எனக்குப் போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது, கணவருக்கு இன்னும் கிரீன் கார்டுதான். எங்கள் பகுதிக்கான ஸ்கூல் போர்டு இடத்துக்கு மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவர் இப்போதைய உறுப்பினர், ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, மூன்றாமவர் நம் தமிழர், ஐ.டி. வேலை. மூன்று பேருடைய அறிக்கையும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. தெரிந்த பெயர் என்று தமிழருக்கே போட்டுவிடலாமா?"

அறிக்கைகள் ஒரே மாதிரி இருப்பதில் வியப்பில்லை. கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அனுப்பும் வாக்காளர் கையேட்டில் பெரும்பாலும் 200 சொற்கள்தான் கொடுக்கிறார்கள். அதில் எல்லோரும் "ஒவ்வொரு குழந்தையின் வெற்றி", "பாதுகாப்பான வளாகம்", "வெளிப்படையான நிர்வாகம்" என்றுதான் எழுதுவார்கள். இதற்கெல்லாம் எதிராக யார் நிற்கப்போகிறார்கள்? பல கவுண்டிகளில் அந்த அறிக்கையை அச்சிட வேட்பாளர்தான் பணம் கட்ட வேண்டும், அதுவும் சிறு தொகை இல்லை. ஆகவே கையேட்டில் அறிக்கையே இல்லாத ஒருவரை அக்கறையில்லாதவர் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், நீங்கள் எடைபோட வேண்டியது ஒன்றைத்தான். பணம் போதாத வருடத்தில், எதிரே நூறு பேர் கோபமாக உட்கார்ந்திருக்கும்போது, எதை வெட்டுவது என்று கணக்குத் தெரிந்து முடிவெடுக்க இவரால் முடியுமா? இன்றைய கலிஃபோர்னியாவில் ஸ்கூல் போர்டு வேலையின் கடினமான பகுதி அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் போர்டு என்ன செய்யும், என்ன செய்யாது என்று பார்ப்போம். ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் அமைப்புதான் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதற்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் குழுதான் போர்டு. பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்களில் ஐந்து பேர், சிலவற்றில் ஏழு பேர். நான்காண்டுப் பதவி. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. தனி உறுப்பினருக்குத் தனி அதிகாரம் எதுவும் கிடையாது. ஐந்து பேரில் மூன்று பேர் சேர்ந்தால்தான் எதுவும் நடக்கும். போர்டு நேரடியாக வேலைக்கு வைத்து, மதிப்பிட்டு, தேவைப்பட்டால் அனுப்பிவைப்பது டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை நிர்வாகியான சூப்பரிண்டெண்டென்டைத்தான். பட்ஜெட், ஆசிரியர் சங்க ஒப்பந்தம், பாடப்புத்தகம், பள்ளி எல்லைகள், எந்தப் பள்ளியைத் திறப்பது, எதை மூடுவது என்பவை போர்டின் கையில். உங்கள் பையன் எந்த டீச்சரின் வகுப்பில் உட்காருகிறான் என்பதில் போர்டு தலையிடாது, தலையிடவும் கூடாது.

இது தெரிந்தால் சில வாக்குறுதிகளை உடனே எடைபோடலாம். ஓர் உதாரணம்: தீபாவளி விடுமுறை. கலிஃபோர்னியா 2025-ல் தீபாவளியை மாநில விடுமுறைப் பட்டியலில் சேர்த்தது. பள்ளிகளும் அன்று மூடலாம் என்று அந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பள்ளி நாட்காட்டி என்பது ஆசிரியர் சங்கத்தோடு பேசி முடிவு செய்ய வேண்டியது. அன்று விடுமுறை என்றால் வேறொரு நாள் பள்ளி வைக்க வேண்டும். "நான் வந்தால் தீபாவளிக்கு லீவு" என்று ஒருவர் சொன்னால், "எந்த நாளுக்குப் பதிலாக, சங்கத்திடம் என்ன கொடுத்து?" என்று கேளுங்கள். யோசித்து வைத்திருந்தால் பதில் வரும். நம் ஆட்களிடம் கை தட்டு வாங்குவதற்காகச் சொன்னதென்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

எந்த போர்டுக்கு ஓட்டுப் போடுகிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குப்பர்டினோவில் இருப்பவருக்கு எட்டாம் வகுப்பு வரை பெரும்பாலும் குப்பர்டினோ யூனியன், அதற்கு மேல் ஃப்ரீமான்ட் யூனியன் ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். இரண்டு போர்டு, இரண்டு பட்ஜெட். இந்த ஃப்ரீமான்ட் யூனியனுக்கும் ஃப்ரீமான்ட் ஊருக்கும் தொடர்பில்லை. அந்த ஊருக்கு ஃப்ரீமான்ட் யூனிஃபைட் என்று தனி டிஸ்ட்ரிக்ட் இருக்கிறது. இன்னொன்று: 2001-ன் கலிஃபோர்னியா வாக்குரிமைச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும் என்ற நிலையில் ஏராளமான டிஸ்ட்ரிக்ட்கள் ஊர் முழுதும் ஓட்டுப் போடும் முறையை விட்டுப் பகுதி வாரியாக மாறிவிட்டன. உங்களுடையதும் அப்படித்தான் என்று கேள்வியிலிருந்து தெரிகிறது. உங்கள் பகுதியில் சில ஆயிரம் ஓட்டுகளே முடிவைத் தீர்மானிக்கும்.

இனி பணம். இதில் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் வேட்பாளர்களைப் பிரித்துக் காட்டுவது இந்த இடம்தான்.

1978-ல் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ப்ரொபொசிஷன் 13 என்ற சட்டம் சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்தில் நிறுத்தியது. வீடு கைமாறும் வரை மதிப்பும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அதன் பிறகு பள்ளிகள் மாநிலப் பணத்தைப் பெரிதும் நம்பத் தொடங்கின. 2013 முதல் எல்.சி.எஃப்.எஃப். என்ற சூத்திரம் நடப்பில் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று அடிப்படைத் தொகை, அதோடு ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள், வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கூடுதல் தொகை. இங்கே "தலை" என்பது பெயர்ப்பதிவு கணக்கில்லை, சராசரி தினசரி வருகை. டிசம்பரில் இரண்டு வாரம் முன்னதாகவே பிள்ளைகளோடு சென்னைக்குக் கிளம்பிவிடுகிறோமே, அந்த நாட்களுக்கு டிஸ்ட்ரிக்ட்டின் வருகைக் கணக்கு குறைகிறது. (பள்ளிக்கு வராமலே பாடம் படிக்கும் "இன்டிபெண்டென்ட் ஸ்டடி" ஒப்பந்தத்தை முறைப்படி போட்டுவிட்டுப் போனால் அந்த வருகையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. தயவுசெய்து அதைக் கேட்டுச் செய்யுங்கள்.)

மாநிலத்தின் பொதுப் பள்ளிகளில் பத்து வருடம் முன்பு சுமார் 62 லட்சம் பிள்ளைகள் இருந்தார்கள். 2023-24-ல் அது சுமார் 58 லட்சம். வீட்டு விலை தாங்காமல் இளம் குடும்பங்கள் வெளியேறுவதால் பே ஏரியாவில் சரிவு உறைப்பாகவே தெரிகிறது. பிள்ளைகள் குறைந்தால் பணம் குறையும். ஆனால் ஒரு பள்ளிக்கு ஒரு பிரின்சிபால், ஓர் அலுவலகம், ஒரு கூரை என்ற செலவு குறையாது.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. பாலோ ஆல்டோ, மேலே சொன்ன ஃப்ரீமான்ட் யூனியன் ஹைஸ்கூல் போன்ற டிஸ்ட்ரிக்ட்களில் உள்ளூர் சொத்து வரியே மாநிலச் சூத்திரம் சொல்லும் தொகையைத் தாண்டிவிடுகிறது. அந்த உபரி அவர்களுக்கே. இவற்றை "பேசிக் எய்ட்" என்பார்கள். அங்கே பிள்ளைகள் குறைந்தால் வருமானம் பெரிதாகக் குறையாது. தலைக்குக் கிடைக்கும் தொகை கூடத்தான் செய்யும். ஆகவே வேட்பாளர்களிடம் கேட்க முதல் கேள்வி தயார்: "நம் டிஸ்ட்ரிக்ட் எல்.சி.எஃப்.எஃப். பணத்தில் ஓடுகிறதா, பேசிக் எய்டா? பிள்ளைகள் குறைவதால் நமக்கு என்ன ஆகும்?" போர்டுக்கு நிற்பவர் இதற்கு உடனே, சரியாகப் பதில் சொல்ல வேண்டும். தடுமாறினால் அவர் பட்ஜெட்டைத் திறந்தே பார்க்கவில்லை என்று பொருள்.

செலவுப் பக்கத்தில் ஐந்தில் நாலு பங்குக்குக் குறையாமல் சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும் போகிறது. ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்கு டிஸ்ட்ரிக்ட் கட்டும் பங்கு 2013-14-ல் சம்பளத்தில் 8.25 சதவீதம், இப்போது 19.1 சதவீதம். இதை எந்த போர்டும் மாற்ற முடியாது. "நிர்வாக வீண்செலவைக் குறைத்து வகுப்பறைக்குப் பணம் தருவேன்" என்று சொல்பவரிடம் எந்தப் பதவி, எத்தனை டாலர் என்று கேளுங்கள். தலைமை அலுவலகத்தில் வெட்ட இடம் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பல கோடி டாலர் ஓட்டையை அதை மட்டும் வைத்து அடைக்க முடியாது.

நம்மவர்களை அதிகம் குழப்புவது கட்டடப் பணம். "டீச்சர்களை அனுப்புகிறார்கள், ஆனால் புது ஜிம் கட்டுகிறார்கள்" என்று வாட்ஸப் குழுவில் ஒவ்வொரு வருடமும் ஒருவர் எழுதுகிறார். ஜிம் கட்டுவது பாண்டு பணத்தில். 2000-ல் வந்த ப்ரொபொசிஷன் 39-ன்படி 55 சதவீத ஓட்டு வாங்கி எடுத்த கடன் அது, சட்டப்படி அதில் சம்பளம் கொடுக்க முடியாது. சம்பளத்துக்கும் உதவும் உள்ளூர் வரி என்றால் பார்சல் டாக்ஸ், அதாவது ஒவ்வொரு மனைக்கும் போடும் வரி. பொதுவாக அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். இரண்டையும் தெரிந்தே கலந்து பேசி மக்கள் கோபத்தைக் கிளப்பும் வேட்பாளருக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். தெரியாமல் பேசுகிறாரென்றால் இன்னும் தயாராகவில்லை.

நீங்களே பார்க்க வேண்டிய ஆவணம் ஒன்று உண்டு. டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் "செகண்ட் இன்டெரிம் ரிப்போர்ட்" என்று தேடுங்கள். டிசம்பரில் முதல் அறிக்கை, மார்ச்சில் இரண்டாவது. நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம். நடப்பு வருடத்தையும் அடுத்த இரண்டு வருடங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டும் அட்டவணையை மட்டும் எடுங்கள். கட்டுப்பாடில்லாத பொதுநிதி (குறிப்பிட்ட செலவுக்கென்று ஒதுக்காத பணம்) என்ற பகுதியில், வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று வருடமும் மைனஸில் இருக்கிறதா, அதை இட்டு நிரப்பக் கையிருப்பு எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். மூன்றாவது வருடத்தில் "அடையாளம் காணப்பட வேண்டிய குறைப்புகள்" என்ற மாதிரி ஒரு வரி ஒளிந்திருந்தால், எதை வெட்டுவது என்று போர்டு இன்னும் சொல்லவில்லை, கணக்கு மட்டும் நேராகிவிட்டது என்று அர்த்தம். முதல் பக்கத்தில் டிஸ்ட்ரிக்ட் தனக்குத்தானே பாசிட்டிவ், குவாலிஃபைட், நெகட்டிவ் என்று மூன்றில் ஒரு சான்று கொடுத்திருக்கும். குவாலிஃபைட் என்றால் வரும் ஆண்டுகளில் கடமைகளை நிறைவேற்ற முடியாமல் போகலாம். நெகட்டிவ் என்றால் முடியாது. 1991-ல் ரிச்மண்ட் யூனிஃபைட் திவாலாகிப் பள்ளி ஆண்டை ஆறு வாரம் முன்னதாகவே முடிக்கப் பார்த்தது. அந்த வருடம் வந்த சட்டம்தான் இந்தக் கண்காணிப்பை இறுக்கியது.

இந்தத் தாளை வைத்து அடுத்த கேள்வி: "மூன்றாம் வருடப் பற்றாக்குறைக்கு நீங்கள் முதலில் தொடப்போவது எதை? எதைத் தொடவே மாட்டீர்கள்?" பதிலோடு நீங்கள் ஒத்துப்போக வேண்டும் என்றில்லை. பதில் என்று ஒன்று இருக்க வேண்டும்.

பள்ளி மூடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். குப்பர்டினோ யூனியன் போர்டு 2021-ல் ரெக்னார்ட், மையர்ஹோல்ஸ் என்ற இரண்டு ஆரம்பப் பள்ளிகளை மூட வாக்களித்தது. தெருவோரம் நடந்து போகும் பள்ளி என்று பார்த்து அதிக விலை கொடுத்து வீடு வாங்கிய குடும்பங்களுக்கு அது எத்தனை பெரிய அடி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஓக்லண்டில் போர்டு 2022 பிப்ரவரியில் பல பள்ளிகளை மூட, இணைக்க வாக்களித்தது. இரண்டு ஆசிரியர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த நவம்பர் தேர்தலுக்குப் பின் அமைந்த புது போர்டு 2023 ஜனவரியில் 4-3 என்ற கணக்கில் மீதியிருந்த ஐந்து பள்ளிகளின் மூடலை ரத்து செய்தது. பெற்றோர்களின் மகிழ்ச்சி உண்மையானது. பற்றாக்குறையும் அப்படியே இருந்தது. ஓக்லண்டுக்கு முன் அனுபவம் வேறு உண்டு: 2003-ல் பணம் தீர்ந்து மாநிலத்திடம் 10 கோடி டாலர் கடன் வாங்கியபோது, மாநிலம் நியமித்த நிர்வாகி வந்து உட்கார்ந்தார், தேர்ந்தெடுத்த போர்டின் அதிகாரம் போய்விட்டது. கடனைக் கட்டி முடிக்க 2025 ஆயிற்று. மூடுவதுதான் சரி என்று நான் சொல்ல வரவில்லை. "எந்தப் பள்ளியையும் மூட விடமாட்டேன்" என்பவர் அந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். "மூடியே ஆக வேண்டும்" என்பவர் அந்தப் பிள்ளைகள் எந்தச் சாலையைக் கடந்து எங்கே நடப்பார்கள் என்று பார்த்திருக்க வேண்டும்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது வேறு வகை. 2021 ஜனவரியில், கொரோனா தொற்றினால் பள்ளிகள் இன்னும் மூடிக்கிடந்தபோது, போர்டு 44 பள்ளிகளின் பெயரை மாற்ற வாக்களித்தது. லிங்கன், வாஷிங்டன் பெயர்களும் அதில் அடக்கம். சில வாரங்களில் லோவெல் உயர்நிலைப் பள்ளியின் மதிப்பெண் அடிப்படைச் சேர்க்கையை நீக்கியது. பெயர் மாற்றத்தை ஏப்ரலில் திரும்பப் பெற்றார்கள். 12.5 கோடி டாலர் பற்றாக்குறை வந்து மாநிலம் தன் நிபுணரை அனுப்பும் நிலையும் ஏற்பட்டது. உறுப்பினர்களைப் பதவிக்காலம் முடியுமுன்பே ஓட்டுப் போட்டு நீக்க இரண்டு பெற்றோர் தொடங்கிய "ரீகால்" இயக்கம் 2022 பிப்ரவரி 15-ல் மூன்று உறுப்பினர்களைப் பெரும் வித்தியாசத்தில் வீட்டுக்கு அனுப்பியது. பெயர் மாற்றம் சரியா தவறா என்பதில் பலருக்குப் பல கருத்து. பிள்ளைகள் வீட்டில் திரைமுன் உட்கார்ந்திருந்த மாதங்களில் போர்டின் நேரம் எதில் போயிற்று என்பதுதான் பெற்றோரை எழவைத்தது என்று நான் நினைக்கிறேன். இப்போது யார் நின்றாலும், அவர் பேச்சில் பாதிக்கு மேல் எதைப் பற்றி இருக்கிறது என்று கவனிக்கிறேன்.

நம் வீடுகளில் கணிதம்தான் பெரிய கவலை என்று தெரியும். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா கொடுப்பதா வேண்டாமா என்பது உள்ளூர் போர்டு தீர்மானிக்கக்கூடிய விஷயம். சான் ஃபிரான்சிஸ்கோ 2014-ல் அதை எடுத்தது. 2024 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவர போர்டு வாக்களித்தது, மார்ச் மாதம் நகர வாக்காளர்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் அதே கோரிக்கையை ஆதரித்தார்கள். எனவே நேராகக் கேளுங்கள். கூடவே, அல்ஜீப்ராவுக்குத் தயாராகாத பிள்ளைக்கு ஆறாம் வகுப்பிலேயே என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். கோச்சிங் வகுப்புக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் அதே பள்ளியில்தான் படிக்கிறது.

இனி உங்கள் மூன்று வேட்பாளர்கள்.

இப்போதைய உறுப்பினரை மதிப்பிடுவது மிகவும் எளிது, ஏனென்றால் அவர் ஓட்டுப் போட்ட பதிவு இருக்கிறது. பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்களில் கூட்ட வீடியோ கிடைக்கும். ஒரே ஒரு கூட்டம் பாருங்கள், ஆனால் சரியான கூட்டத்தை: மார்ச் மாத ஆரம்பத்தில் நடந்தது. மார்ச் 15-க்குள் ஆசிரியர்களுக்குப் பணிநீக்க முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது சட்டம், அதனால் அந்தக் கூட்டம் கடினமானது. சிவப்பு டி-ஷர்ட்டில் ஆசிரியர்கள் அறை நிறைய இருப்பார்கள், ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று பொதுக்கருத்து இரண்டு மணி நேரம் ஓடும். அதற்குப் பிறகு, அறை காலியாகி, பத்தரை மணிக்கு நிதி அதிகாரி எண்களைக் காட்டும்போது உங்கள் உறுப்பினர் என்ன கேட்கிறார்? எந்தப் பக்கம், எந்த எண் என்று கேட்கிறாரா, "அருமையான விளக்கத்துக்கு நன்றி" என்று மட்டும் சொல்கிறாரா? "கன்சென்ட் காலண்டர்" என்று முப்பது ஒப்பந்தங்களை ஒரே ஓட்டில் தள்ளிவிடும் இடத்தில் ஒன்றையாவது வெளியே எடுத்து விளக்கம் கேட்டதுண்டா? அந்த ஒரு மணி நேர வீடியோவில் கிடைப்பது பத்து துண்டுப்பிரசுரத்தில் கிடைக்காது.

ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு வகுப்பறை தெரியும், அதை நான் மிகவும் மதிக்கிறேன். அவருக்கு ஆசிரியர் சங்க ஆதரவு இருக்க வாய்ப்பு அதிகம். அது குறை இல்லை. உள்ளே வேலை செய்பவர்கள் நம்புகிற ஆள் என்பதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் அவர் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டியவர். "சங்கம் கேட்டதற்கு நீங்கள் எப்போது இல்லை என்பீர்கள்?" என்று அவரிடம் மரியாதையாகவே கேட்கலாம். நல்ல ஆசிரியை இதற்குக் கோபப்பட மாட்டார்.

தமிழர். நம் பெயர் ஒன்று வாக்குச்சீட்டில் வரும்போது ஏற்படும் மகிழ்ச்சியை நானும் உணர்கிறேன். நம் பிள்ளைகள் நிறையப் படிக்கும் டிஸ்ட்ரிக்ட்டில் மேடையில் நம்மவர் ஒருவர் இருப்பது நியாயமான ஆசை; தமிழ்ப் பள்ளியில் படித்ததற்கு உயர்நிலைப் பள்ளி மொழிக் கிரெடிட் கிடைப்பது போன்ற விஷயங்கள் நம்மவர் இருந்தால் எளிதில் பேசப்படும். ஆனாலும் அவர் இதுவரை எங்கே இருந்தார் என்று பாருங்கள். பள்ளி சைட் கவுன்சில், பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்), பாண்டு மேற்பார்வைக் குழு, பட்ஜெட் ஆலோசனைக் குழு இவற்றில் எதிலாவது இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறாரா? போர்டு கூட்டத்துக்கு வேட்பாளராவதற்கு முன் வந்ததுண்டா? ஐ.டி. அனுபவம் எண்களைப் படிக்க உதவும். ஆனால் கம்பெனியில் மேனேஜர் சொன்னால் நடக்கும். இங்கே மற்ற நால்வரில் இருவரைச் சம்மதிக்க வைக்காமல் எதுவும் நடக்காது. அதில் அவருக்குப் பழக்கம் உண்டா? இந்தக் கேள்விகளில் தேறினால் மனநிறைவோடு அவருக்கே போடுங்கள். பெயருக்காக மட்டும் போட்டால், நம் பிள்ளையோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பள்ளியை அந்த ஓட்டு பாதிக்கிறது.

தபாலில் வரும் பளபளப்பான அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே அட்டையில் மாநிலப் பதவிகள் முதல் ஸ்கூல் போர்டு வரை பரிந்துரைப் பட்டியல் இருந்தால், பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறதா பாருங்கள். அந்த இடத்துக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்பதைக் காட்ட மாநிலச் சட்டம் கேட்கும் குறி அது. யாரிடம் எவ்வளவு நன்கொடை வாங்கினார் என்பது ஃபார்ம் 460-ல் இருக்கும். கவுண்டி தேர்தல் அலுவலக இணையதளத்தில் பார்க்கலாம். கட்டட நிறுவனங்கள், சங்கம், சார்ட்டர் ஸ்கூல் (பொதுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளி) ஆதரவாளர்கள் என்று பெரிய தொகைகள் எங்கிருந்து வந்தன என்று ஐந்து நிமிடத்தில் தெரியும்.

கேள்விகளை மூன்று பேருக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். சிறிய பகுதி என்பதால் வேட்பாளர்களே பதில் எழுதுவார்கள், பலர் தொலைபேசியிலும் பேசுவார்கள். தபால் வாக்குச்சீட்டு தேர்தலுக்குச் சுமார் ஒரு மாதம் முன்பே வீட்டுக்கு வந்துவிடும், அதற்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது.

உங்கள் கணவர் விஷயம். சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் மட்டும் 2018 முதல், அங்கே வசிக்கும் பிள்ளையின் பெற்றோரோ காப்பாளரோ குடியுரிமை இல்லாதவராக இருந்தாலும் ஸ்கூல் போர்டு தேர்தலில் ஓட்டுப் போட முடிகிறது. 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கேகூட குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் பதிவு செய்ய வேண்டாம், அந்தத் தகவல் குடிவரவுத் துறைக்குக் கிடைக்கலாம் என்று நகரமே எச்சரிக்கிறது. நீங்கள் வேறு ஊரில் இருந்தால் அவர் எந்தப் படிவத்திலும் வாக்காளராகக் கையெழுத்திடவே கூடாது, குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகிவிடும். ஆனால் போர்டு கூட்டத்தில் பேச யாருடைய குடியுரிமையையும் கேட்பதில்லை. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரம் முன்பே வெளியாக வேண்டும் என்பது 1953-ன் பிரவுன் சட்டம். அதைப் பார்த்து, பேச விரும்பும் பொருளின் எண்ணைக் குறித்துக்கொண்டு, சீட்டு எழுதிக் கொடுத்தால் அவருக்கும் அதே ஒன்றிரண்டு நிமிடம் கிடைக்கும்.